இணையப் பதிப்பில் குறிமொழிப் பிழைநோக்கல்: தமிழாய்வாளர் பொறுப்பு குறித்து ஒரு கருத்துரை

திறவுச்சொற்கள்: இணையப் பதிப்பு, குறிமொழி, சரிபார்ப்பு, மெய்ப்பு, பாடவேறுபாடு, வகையுளி

முன்னுரை

அச்சு நூல் ஒன்றைப் பதிப்பிக்கும்போது மெய்ப்புத் திருத்துதல் பதிப்புப் பணியின் ஒரு கூறு என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. மெய்ப்பிலும் தப்பிய பிழைகளைத் தொகுத்துப் ‘பிழையும் திருத்தமும்’ என்னும் தலைப்பில் நூலுடன் இணைத்து வெளியிடுவது தமிழ்ப் பதிப்புலகில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். பிழை நேர்ந்தது என்று ஒப்புக்கொள்வதைப் பழைய பதிப்பாசிரியர்கள் இழிவாகக் கருதவில்லை. படிப்பவர்க்குச் செய்ய வேண்டிய கடமையாகவே கருதினர்.

இன்று ஆய்வாளர் பலர் பழந்தமிழ் நூலொன்றை முதலில் தேடிச் செல்லும் இடம் இணையம். அங்கு நூற்பகுதி இரண்டு அடுக்குகளாக அமைகிறது. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பாடம். மற்றொன்று, அப்பாடத்தின் பின்னே நின்று அதனைத் தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு எனப் பகுத்துக் காட்டும் குறிமொழி. முதலடுக்கை நாம் மெய்ப்புப் பார்க்கிறோம்; இரண்டாமடுக்கைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அது கணினி வல்லுநரின் பணி என ஒதுக்கிவிடுகிறோம். குறிமொழியில் நேரும் அடிப்படைப் பிழைகள் பாடத்தையே சிதைக்க வல்லன. ஆகவே அவற்றை நோக்கித் திருத்துதல் பதிப்பியலின் பகுதியாகத் தமிழாய்வாளராலேயே மேற்கொள்ளப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

1. எழுத்துக் குறியாக்கத்திலிருந்து குறிமொழிக்கு

மீயுரைக் குறிமொழி எனப்படும் எச்.டி.எம்.எல்., ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்னில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீயால் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கப்பெற்றது. 1994இல் தொடங்கிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதன் விதிகளை வகுத்து வெளியிட்டது. 4.01ஆம் பதிப்பு 1999இலும் ஐந்தாம் பதிப்பு 2014இலும் பரிந்துரை நிலையை எய்தின.

இதே காலப்பகுதியில் தமிழ் இணைய உலகின் கவனம் எழுத்துக் குறியாக்கத்தின்மேல் இருந்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கி முறையிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் எழுத்துருக் குறியாக்கத்தையும் தரப்படுத்த முனைந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எழுத்தே திரையில் தோன்றாத நிலையில் பிறவற்றைப் பேச இயலாது; ஆகவே அக்கவனம் முற்றிலும் பொருத்தமானதே. எழுத்து ஓரளவு நிலைபெற்றுவிட்ட இன்று, எழுத்துகளைத் தாங்கி நிற்கும் கட்டமைப்பை நோக்கும் கடமை நமக்கு வந்திருக்கிறது.

2. உலாவியின் பொறுமை

குறிமொழிப் பிழைகள் கவனிக்கப்படாமைக்கு முதற்காரணம் உலாவிகளின் இயல்பாகும். தடித்த எழுத்துக்குரிய குறிச்சொல்லைத் திறந்து மூடாமல் விட்டாலும், இல்லாத குறிச்சொல் ஒன்றை எழுதினாலும் உலாவி வேலையை நிறுத்துவதில்லை. தனக்குத் தோன்றியவாறு ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடுகிறது. தொடக்க காலத்தில் இவ்வூகம் உலாவிக்கு உலாவி வேறுபட்டது. எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பின் விதிகள், பிழையுள்ள பக்கத்தை எவ்வாறு மீட்டுக் காட்ட வேண்டும் என்பதையும் வரையறுத்தன. இதனால் ஊகம் ஒருசீராயிற்று. எனினும் ஊகம் ஊகமே.

இதற்கு மாறானது எக்ஸ்.எம்.எல். 1998இல் வெளியான இக்குறிமொழியின் விதிப்படி, அமைப்புப் பிழையுள்ள ஆவணத்தை வாசிக்கும் நிரல் முதற்பிழையிலேயே நின்றுவிட வேண்டும். இலக்கியப் பனுவல்களைக் குறியிடுவதற்கென 1987இல் தொடங்கப்பெற்ற டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் என்னும் பன்னாட்டு முயற்சியின் இன்றைய நெறிமுறைகள் எக்ஸ்.எம்.எல். அடிப்படையில் அமைந்தவை.

‘திரையில் சரியாகத் தெரிகிறது’ என்பது குறிமொழி சரியாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. உலாவி தன் ஊகத்தை நமக்குச் சொல்வதில்லை. ஏடு பெயர்த்தெழுதுவோர் சிதைந்த இடத்தைத் தாமே நிரப்பிவிட்டு அதனைக் குறிப்பிடாமல் விட்டால் பதிப்பாசிரியர் எத்தகைய இடர்ப்பாட்டுக்கு ஆளாவாரோ, அத்தகைய இடர்ப்பாடே இங்கும் நேர்கிறது.

3. சரிபார்ப்புக் கருவி சுட்டும் பிழைகள்

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு கட்டணமின்றி வழங்கும் சரிபார்ப்புக் கருவியில் பக்கத்தின் முகவரியைத் தரலாம், கோப்பை ஏற்றலாம், குறிமொழியை நேரடியாக ஒட்டவும் செய்யலாம். பிழைகள் வரியெண்ணுடன் பட்டியலாகக் கிடைக்கும். தமிழ்ப் பனுவல்களைப் பொறுத்தவரை அவற்றுள் ஐந்து முதன்மையானவை.

முதலாவது, மூடப்படாத குறிச்சொல். ஓர் அருஞ்சொல்லைச் சாய்வெழுத்தில் காட்டத் திறந்த குறிச்சொல் மூடப்படாவிடின், அடுத்து வரும் பாடல்களும் உரையும் சாய்வெழுத்தாகிவிடும். பாடம் எது, பதிப்பாசிரியர் எடுத்துக்காட்டியது எது என்னும் வேறுபாடு அழிகிறது. பத்தி முதலிய சிலவற்றில் மூடுங்குறியை விட்டுவிட விதியே இசைவளிக்கிறது. எது பிழை, எது இசைவு என்பதைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். கருவி பிரித்துக் காட்டும்.

இரண்டாவது, அடையாளப் பெயர் இரட்டித்தல். ஒரு பக்கத்தில் ஓர் அடையாளப் பெயர் ஒருமுறையே வரவேண்டும். அடிக்குறிப்புகளைப் படியெடுத்து ஒட்டும்போது எண்ணை மாற்ற மறப்பது எளிதில் நேரும் பிழை. அப்போது பின்னுள்ள பாடலின் குறிப்பெண்ணைச் சொடுக்கினாலும் அதே பெயர் கொண்ட முதற்குறிப்புக்கே உலாவி செல்லும். ஒரு பாடலின் பாடவேறுபாடு வேறொரு பாடலுக்கு உரியதாகிவிடும்.

மூன்றாவது, எழுத்துக் குறியாக்க அறிவிப்பு இன்மை. இவ்வறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அமைய வேண்டும் என்பது விதி. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளால் ஆனது. அறிவிப்பின்றி உலாவி வேறு குறியாக்கமாக ஊகித்துக்கொண்டால், தமிழுக்குத் தொடர்பற்ற குறிகளின் கூட்டமே திரையில் தோன்றும்.

நான்காவது, மொழி அறிவிப்பு இன்மை. இது பிழையாக அன்றி எச்சரிக்கையாகவே சுட்டப்படும். ஆயினும் தமிழ்த்துறைகளில் பயிலும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் திரைவாசிப்பான் துணைகொண்டே இணையப் பனுவல்களைக் கற்கின்றனர். பக்கம் தமிழ் என அறிவிக்கப்படாவிடின், அல்லது வார்ப்புருவில் இருந்தவாறே ஆங்கிலம் என அறிவிக்கப்பட்டிருப்பின், அக்கருவி தமிழ்க் குரலுக்கு மாறாமல் போகலாம். நம் கண்ணுக்குக் குறையின்றித் தோன்றும் பக்கம் அவர்களுக்குப் பயன்படாமற்போகிறது.

ஐந்தாவது, படத்துக்குரிய மாற்றுரை இன்மை. ஓலைச்சுவடியின் ஒளிப்படத்தையோ பழம்பதிப்பின் முகப்பையோ இணைக்கும்போது, அதில் இருப்பது யாது எனச் சொல்லும் மாற்றுரை வேண்டும்.

4. மறைந்துபோகும் எழுத்துகள்

மேற்கூறியவற்றினும் பதிப்பியலோடு நெருங்கிய தொடர்புடையது கோண அடைப்புச் சிக்கலாகும். மூலத்தில் இல்லாது பதிப்பாசிரியர் இட்டு நிரப்பிய எழுத்தைக் கோண அடைப்புக்குள் தருவது பனுவல் பதிப்பில் வழங்கும் மரபுகளுள் ஒன்று. குறிமொழியிலோ கோண அடைப்பு குறிச்சொல்லின் தொடக்கத்தைக் குறிக்கும். பாடத்தில் வரும் கோண அடைப்பை அதற்குரிய மாற்றுக் குறியீட்டால் எழுத வேண்டும்.

இக்கட்டுரையாளர் தம் ஆய்வுக்கெனப் பாடவேறுபாட்டு அட்டவணை ஒன்றை இணையப்பக்கமாக அமைத்தபோது இவ்விதியை அறிந்திருக்கவில்லை. ஒரு நெடுவரிசையில் தமிழ் வரிவடிவமும் அடுத்ததில் உரோமன் எழுத்துப்பெயர்ப்பும் இடம்பெற்றன. தமிழ் நெடுவரிசையில் கோண அடைப்புகள் இட்டவாறே தோன்றின. உரோமன் நெடுவரிசையில் நிரப்பிய எழுத்துகள் பல இடங்களில் அடைப்போடு மறைந்துபோயின. சில இடங்களில் மட்டும் நின்றன. சில நின்றமையாலேயே ஐயம் எழவில்லை. மும்முறை மெய்ப்புப் பார்த்தும் பிடிபடாத இப்பிழையைச் சரிபார்ப்புக் கருவி முதற்சோதனையிலேயே, ‘இல்லாத குறிச்சொல்’ எனச் சுட்டியது.

காரணம் எளியது. கோண அடைப்பின் பின் அடிப்படை ஆங்கில எழுத்து வந்தால் எச்.டி.எம்.எல். அதனைக் குறிச்சொல்லாகக் கொள்ளும். தமிழெழுத்தோ மேற்கோடிட்ட நெடில் எழுத்தோ வந்தால் பிழையெனப் பதிவு செய்துகொண்டு பாடமாகவே காட்டும். எனவே ‘க’ என்பதன் எழுத்துப்பெயர்ப்பு மறைகிறது. ‘ஆ’ என்பதன் எழுத்துப்பெயர்ப்பு நிற்கிறது. நம் சுட்டெழுத்துகளாகிய அ, இ, உ என்னும் மூன்றின் உரோமன் வடிவங்களும் எச்.டி.எம்.எல். மொழியில் முறையே இணைப்பு, சாய்வெழுத்து, அடிக்கோடு ஆகியவற்றுக்குரிய குறிச்சொற்களாக உள்ளன. நிரப்பிய இகரம் மறைவதோடு நில்லாது, தொடர்ந்து வரும் பகுதியையும் சாய்த்துவிடும்.

இதே பக்கத்தை எக்ஸ்.எம்.எல். வடிவுக்கு மாற்றினால் நிலைமை மேலும் வேறுபடும். எக்ஸ்.எம்.எல். விதியில் தமிழெழுத்தும் குறிச்சொற்பெயராக வரலாம். எச்.டி.எம்.எல். பக்கத்தில் பாடமாகத் தெரிந்த தமிழ்க் கோண அடைப்பு, இங்கு மூடப்படாத குறிச்சொல்லாகி ஆவணத்தையே நிறுத்திவிடும்.

இங்கு மறைவது நிறமோ எழுத்தளவோ அன்று, பதிப்பாசிரியரின் தீர்ப்பு. ‘இவ்வெழுத்து மூலத்தில் இல்லை, நான் கருதி நிரப்பினேன்’ என அவர் கூறிய கூற்றே படிப்பவரைச் சென்றடையாமல் போகிறது.

5. வகையுளியும் குறிச்சொற் குறுக்கீடும்

ஒரு குறிச்சொல் மற்றொன்றனுள் முழுமையாக அடங்க வேண்டும். ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்கி அதனைக் குறுக்கிடல் ஆகாது. கருவி அடிக்கடி சுட்டும் பிழைகளுள் இக்குறுக்கீடும் ஒன்று. பெரும்பாலும் இது கவனக்குறைவால் நேர்வதே. செய்யுளைக் குறியிடும்போது மட்டும் பனுவலின் இயல்பே இப்பிழைக்குக் காரணமாவதுண்டு.

யாப்பு நோக்கில் சீர்களையும் சொல்லாய்வு நோக்கில் சொற்களையும் ஒருங்கே குறியிட முனைவதாகக் கொள்வோம். சீரும் சொல்லும் ஒத்துச் செல்லும் இடத்தில் சிக்கல் இல்லை. சொல்லின் ஒரு பகுதி முன்சீரிலும் எஞ்சிய பகுதி பின்சீரிலும் அமையும் வகையுளி வரும் இடத்தில், சொல்லுக்குரிய குறிச்சொல் சீருக்குரிய குறிச்சொல்லைக் குறுக்கிட்டே தீரும். கருவி பிழை எனக் கூறும். பிழை செய்யுளில் இல்லை. சொல்லும் சீரும் ஒரே அடுக்கில் அடங்கும் என நாம் கொண்ட கருத்தில் உள்ளது. அடியும் தொடரும் ஒத்துச் செல்லாத இடங்களிலும், கொண்டுகூட்டாகப் பொருள்கொள்ளும் இடங்களிலும் இச்சிக்கல் எழும்.

இதற்குத் தீர்வுகள் உண்டு. ஒன்றனை முதன்மை அடுக்காகக் கொண்டு, மற்றதன் எல்லைகளை உள்ளடக்கமற்ற புள்ளிக்குறிகளால் காட்டலாம். சொல்லை இரு துண்டுகளாகக் குறியிட்டு அவை ஒன்றன் பகுதிகளே எனப் பண்புக்கூற்றால் இணைக்கலாம். ஓர் அடுக்கைத் தனிக்கோப்பில் வைத்துச் சுட்டலாம். எதனைத் தேர்வது என்பதற்கு விடை, ஆய்வு யாப்பை முதன்மைப்படுத்துகிறதா, சொல்லை முதன்மைப்படுத்துகிறதா என்பதைப் பொறுத்தது. நிரலாளர் இதனைத் தீர்மானிக்க இயலாது. அவர் பிழைச்செய்தியை நீக்கும் பொருட்டுச் சொல்லை வெட்டிவிட்டால், வகையுளி இருந்த இடத்தில் பொருளற்ற இரு துண்டுகளே எஞ்சும். பின்வரும் ஆய்வாளரின் சொல்லடைவிலும் அத்துண்டுகளே இடம்பெறும்.

6. கருவி காணாத பிழைகள்

சரிபார்ப்பில் தேறிய பக்கம் பிழையற்ற பக்கம் எனக் கொள்வதும் தவறாகும். கருவி நோக்குவது விதியை மட்டுமே, பாடத்தை அன்று.

புறநானூற்றின் 400 பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. இந்நூலைத் தானே எண்ணிடும் பட்டியல் அமைப்பில் இட்டால் 269ஆம் பாடல் 267 என எண் பெறும். இறுதிப் பாடல் 398 ஆகும். அங்கிருந்து எடுக்கப்படும் மேற்கோள் எண்கள் அனைத்தும் பிறழும். குறிமொழி விதிப்படி இப்பக்கம் முற்றிலும் சரியானதே. விடுபட்ட இடத்தில் எண்ணை நாமே அறிவிக்க வேண்டும் என்பதை நூலறிந்தவரே சொல்ல இயலும்.

எழுத்து நிலையிலும் இத்தகைய பிழை உண்டு. ‘கௌவை’ என்னும் சொல்லின் முதலெழுத்தை ஔகார உயிர்க்குறியால் எழுதாமல், எகரக் குறியையும் ளகரத்தையும் சேர்த்துக் ‘கெளவை’ என உள்ளிட்டாலும் திரையில் வேறுபாடு தெரிவதில்லை. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. அலர் குறித்த சொற்களைத் தொகுக்கும் ஆய்வாளரின் எண்ணிக்கை குறையும். ஓலைச்சுவடியில் காலும் ரகரமும் ஒத்திருந்தமையால் எழுந்த மயக்கங்களைத் தீர்த்த மரபு நமக்கு உண்டு. அன்று ஒத்த வடிவம் மயக்கியது. இன்றும் ஒத்த வடிவமே மயக்குகிறது. கருவி இதனைப் பிழையெனக் கூறாது. மாற்றுரை என்னும் இடத்தில் ‘படம் 1’ என எழுதியிருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

எனவே கருவியின் சரிபார்ப்பும் ஆய்வாளரின் பாடநோக்கும் ஒன்றற்கொன்று துணையே அன்றி மாற்று அல்ல.

7. மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். இது தொழில்நுட்பர் பணி என்பது ஒன்று. அச்சுக்கோத்தலும் தொழில்நுட்பர் பணியாகவே இருந்தது. அதனால் மெய்ப்புப் பார்த்தலைப் பதிப்பாசிரியர் கைவிடவில்லை. சீவகசிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், அச்சகத்துக்கு அனுப்பியதோடு தம் பணி முடிந்ததாகக் கருதியிருப்பின் அப்பதிப்புகள் இன்று பெற்றுள்ள நம்பகத்தன்மையைப் பெற்றிரா.

ஆய்வாளர்க்கு இதற்கு நேரமில்லை என்பது மற்றொன்று. பிழைப்பட்டியல் நீளமாகத் தோன்றினும், மூடப்படாத ஒரே குறிச்சொல் தொடர்ச்சியாகப் பல பிழைச்செய்திகளைத் தோற்றுவிப்பதுண்டு. முதற்பிழையைத் திருத்தி மீண்டும் சோதித்தால் பட்டியல் சுருங்கும்.

பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் உள்ளன என்பது மூன்றாவது. இது உண்மையான இடர்ப்பாடு. அடிக்கடி வரும் செய்திகள் சிலவே ஆதலின், அவற்றுக்குத் தமிழ் விளக்கமும் தமிழ்ப் பனுவல் எடுத்துக்காட்டும் தந்து ஒரு கையேடு தொகுப்பது தமிழ்த்துறை ஒன்றுக்கு அரிய செயலன்று.

8. செய்யத்தக்கன

இணையப் பதிப்பு எதுவும் வெளியிடப்படுமுன் சரிபார்க்கப்பட்டு, சரிபார்த்த நாளும், திருத்தாது விட்ட பிழைகள் இருப்பின் அவற்றுக்குரிய காரணமும் பதிப்புரையில் குறிக்கப்பட வேண்டும்.

வெளியிட்ட பின் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் நாளுடன் பட்டியலிடப்பட வேண்டும். இணையப்பக்கம் ஓசையின்றி மாறிவிடுவது. நேற்று மேற்கோள் காட்டிய பாடம் இன்று அங்கு இல்லாதிருக்கலாம். பழைய ‘பிழையும் திருத்தமும்’ பக்கம் இணையத்தில் முன்னினும் தேவையாகிறது.

இணையப் பனுவலையே தரவாகக் கொண்ட ஆய்வேடுகளும் கட்டுரைகளும், எந்நாளில் எப்பக்கத்திலிருந்து பாடம் எடுக்கப்பட்டது, அது அச்சுப் பதிப்போடு ஒப்புநோக்கப்பட்டதா என்பதைத் தெரிவிக்க வேண்டும். கட்டுரைகளை மதிப்பிடுவோரும் இதனை வினவ வேண்டும்.

கணினித்தமிழ்ப் பாடத்தில் குறிச்சொற்களின் பெயர்களை மனப்பாடம் செய்வித்துத் தேர்வு நடத்துவதினும், பிழையுள்ள பாடற்பக்கம் ஒன்றைத் தந்து திருத்தச் செய்வது பயனுடைத்து. அப்பயிற்சி பதிப்பியல் தாளோடு இணைக்கப்படுமாயின், கற்போர் அதனை அயலான தொழில்நுட்பமாகக் கருதமாட்டார்.

முடிவுரை

தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து தந்த பனுவல்களால்தான் இன்றைய இளம் ஆய்வாளர் பலர் சங்க நூல்களை இருந்த இடத்திலிருந்தே தேட முடிகிறது. அப்பணியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்கள் ஏற்றித் தந்ததைச் சரிபார்த்துத் தரும் கடமை, அதனைப் பயன்கொண்டு பட்டம் பெறும் நம்மைச் சார்ந்தது. சரிபார்ப்புக் கருவி சில நொடிகளில் பிழையைச் சுட்டிவிடும். அச்சுட்டலைப் படித்து, அது பாடத்தில் யாது செய்திருக்கிறது என ஆராய்ந்து திருத்துவதற்கு நூலறிவு வேண்டும். ஏட்டின் சிதைவை நோக்கப் பழகிய தமிழாய்வாளர், திரையின் பின்னுள்ள சிதைவையும் நோக்கப் பழக வேண்டும்.